எலக்ட்ரோலைட்: மின்பகுளியா, தாது உப்பா?

‘தண்ணில எலக்ட்ரோலைட் போட்டியா?’ என்று மலைச் சைக்கிள் ஓட்டுகிற ஒருவர் கேட்பார். ‘ஜெல் வெச்சிருக்கேன், அது போதும்’ என்று கூட வருபவர் சொல்வார். கேட்டது உப்பை, கிடைத்த பதில் சர்க்கரையை. இரண்டும் ஒரே கடையில், ஒரே அலமாரியில், ஒரே மாதிரிப் பளபளப்பான உறையில் விற்பதால் வந்த குழப்பம் இது.

எலக்ட்ரோலைட் என்ற சொல்லை 1834இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் மைக்கேல் ஃபாரடே. கிரேக்கத்தில் ‘எலெக்ட்ரான்’ என்றால் அம்பர், அதாவது இறுகிக் கல்லாகிப்போன மரப்பிசின். அதைத் தேய்த்தால் துரும்பை இழுக்கும் என்பதால் மின்சாரத்துக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பின்பாதி அவிழ்த்தல், பிரித்தல் என்று பொருள்படும் வினையிலிருந்து வந்தது. மின்சாரம் பாயும்போது பிரிகிற பொருள் என்பதே ஃபாரடே கருதியது. மின்சாரம் இல்லாமலே, தண்ணீரில் கரைந்தவுடன் உப்பு அயனிகளாக, அதாவது மின்னேற்றம் உள்ள துகள்களாகப் பிரிந்துவிடுகிறது என்று 1884இல் தன் ஆய்வேட்டில் வாதிட்டவர் ஸ்வீடனின் ஸ்வாந்தே அர்ரீனியஸ். அதற்காகவே 1903இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. உங்கள் பாட்டிலில் நடப்பதும் அர்ரீனியஸ் சொன்னதுதான்.

தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இதை மின்பகுளி என்கின்றன; இலங்கையில் மின்பகுபொருள். பகுதி, பகுபதம் ஆகியவற்றில் வரும் அதே ‘பகு’தான் இது. வேதியியலுக்குக் கச்சிதமான சொல், குறையே இல்லை. ஆனால் இன்வர்ட்டர் பேட்டரிக்குள் இருக்கும் அமிலக் கரைசலும் மின்பகுளிதான். குடிக்கிற பாட்டிலில் ‘மின்பகுளி பானம்’ என்று ஒட்டினால் யாரும் மூடியைத் திறக்க மாட்டார்கள். மருத்துவர்களும் நாளிதழ்களும் ஏற்கெனவே சொல்லிவரும் ‘தாது உப்பு’ இங்கே பொருத்தம். ஆய்வகத்துக்கு மின்பகுளி, பாட்டிலுக்குத் தாது உப்பு நீர் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஜெல் வேறு வழியில் வந்தது. 19ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்து வேதியியலாளர் தாமஸ் கிரஹாம் ‘ஜெலட்டின்’ என்பதைச் சுருக்கி இந்தச் சொல்லை உண்டாக்கினார். மூலம் லத்தீனில் உறைதல். களி என்று சொல்லலாமே என்று தோன்றும். ஆனால் களி தட்டில் வைத்தால் நிற்கும். எனர்ஜி ஜெல் பிதுக்கினால் வழியும். உள்ளே இருப்பது மால்ட்டோடெக்ஸ்ட்ரின், ஃப்ரக்டோஸ் போன்ற மாவுச்சத்துகளும் கெட்டியாக்கக் கொஞ்சம் பெக்டின் அல்லது பிசினும்தான். ஆகவே ‘சத்துப் பாகு’ என்பதே சரி. பெரும்பாலான பாக்கெட்டுகளில் 20 முதல் 25 கிராம் மாவுச்சத்து இருக்கும். சோடியம் சிலவற்றில் 50 மி.கி.கூட இருக்காது.

சென்னைக்கு இது ஏன் முக்கியம் என்றால், இங்கே வெயிலைவிடப் புழுக்கம் மோசம். காற்றில் ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை ஆவியாகாமல் சொட்டுகிறது. சொட்டுகிற வியர்வை உடம்பைக் குளிர்விப்பதில்லை, உப்பை மட்டும் கொண்டுபோகிறது. ஒரு லிட்டர் வியர்வையில் ஆளுக்கு ஆள் சுமார் 500 முதல் 1,500 மி.கி. வரை சோடியம் போகும். பொட்டாசியம் 200 மி.கி. அளவுதான். ஹெல்மெட் பட்டையிலும் பனியன் முதுகிலும் வெள்ளைக் கோடு விழுகிறவர்கள் உப்பு அதிகம் இழப்பவர்களாக இருக்க வாய்ப்பு அதிகம்.

எவ்வளவு வியர்க்கிறது என்பதை வீட்டுத் தராசிலேயே பார்க்கலாம். புறப்படும் முன்பும் திரும்பிய பின் துவட்டிவிட்டும், உடையில்லாமல் எடை பாருங்கள். 70 கிலோ 69.1 ஆகியிருக்கிறது, வழியில் ஒரு லிட்டர் குடித்திருக்கிறீர்கள், ஓட்டியது இரண்டு மணி நேரம் என்றால் போனது 1.9 லிட்டர், மணிக்கு 950 மி.லி. அதை முழுவதும் ஈடுகட்ட வேண்டியதில்லை. உடல் எடையில் 2 சதவீதத்துக்கு மேல் குறையாமல் பார்த்துக்கொண்டால் போதும். எடை கூடியிருந்தால்தான் கவலைப்பட வேண்டும்: வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்து இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும் நிலை தலைவலி, குமட்டலில் தொடங்கி வலிப்புவரை போகக்கூடியது.

மருந்துக் கடையில் ‘ஒரு எலக்ட்ரால் குடுங்க’ என்று கேட்டு வாங்குவது ஓ.ஆர்.எஸ்., அதாவது உப்புச் சர்க்கரைக் கரைசல். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கில் ஒரு லிட்டருக்குச் சோடியம் குளோரைடு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5, பொட்டாசியம் குளோரைடு 1.5, சோடியம் சிட்ரேட் 2.9. சோடியம் மட்டும் 1,700 மி.கி.க்கு மேல் வரும், ஆற்றலோ 54 கலோரிதான். இது வயிற்றுப்போக்குக்கான மருந்து. ஒரு லிட்டருக்கான பாக்கெட்டை 750 மி.லி. சைக்கிள் பாட்டிலில் கொட்டுவது பலரும் செய்யும் தப்பு. கரைசல் இருக்க வேண்டியதைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகக் கெட்டியாகி, தாகம் தணிவதற்குப் பதில் கூடும். வண்ணப் பெட்டிகளில் வந்த இனிப்புப் பானங்களுக்கும் ஓ.ஆர்.எஸ். என்று பெயர் வைத்திருந்தார்கள். இந்த அளவுகளுக்குப் பொருந்தாத எதற்கும் அந்தப் பெயர் கூடாது என்று 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. ரொம்ப நாள் முன்பே வந்திருக்க வேண்டியது.

சைக்கிள் ஓட்டத்துக்கான பானத்தை வீட்டிலேயே கலக்கலாம். ஒரு லிட்டர் தண்ணீர், 60 கிராம் சர்க்கரை, கால் டீஸ்பூன் பொடியுப்பு (ஏறக்குறைய ஒன்றரை கிராம், அதில் சோடியம் 600 மி.கி.க்குச் சற்றுக் குறைவு), ஒரு எலுமிச்சை. வெள்ளைக் கோடு விழுகிறவர்கள் உப்பை 2 கிராம் ஆக்கலாம். பானகத்தில் சர்க்கரைச் சத்து உண்டு, உப்புத்தான் போதாது. ஒரு சிட்டிகை சேர்த்தால் நல்ல பானம். இளநீரில் பொட்டாசியம் ஏராளம், சோடியம் கொஞ்சம். வியர்வை நேர் எதிர். நீர்மோர் நல்லதுதான், ஆனால் மே மாத வெயிலில் பாட்டிலுக்குள் புளித்துவிடும். வீட்டுக்கு வந்து குடியுங்கள். இரத்தக் கொதிப்பு, சிறுநீரகக் கோளாறு, நீரிழிவு உள்ளவர்கள் எதையும் மருத்துவரிடம் கேட்டே தொடங்க வேண்டும்.

சத்துப் பாகு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓட்டினால்தான் தேவை. முதல் பாக்கெட் 45ஆவது நிமிடத்தில், அடுத்தவை 30 அல்லது 40 நிமிடத்துக்கு ஒன்று. குளுக்கோஸ் வகை மட்டும் என்றால் மணிக்கு 60 கிராமுக்கு மேல் குடல் உறிஞ்சாது. ஃப்ரக்டோஸ் வேறு வாசல் வழியாக நுழைவதால், கலந்த பாகாக இருந்தால் 90 கிராம்வரை போகலாம். ஆனால் பல வாரம் பழக்கிய வயிற்றுக்கே அது தாங்கும்.

வயிற்றைப் புரட்டுவதற்குப் பெரும்பாலும் பாகு காரணமில்லை, அதோடு சேர்த்துக் குடித்ததுதான். 25 கிராம் பாகோடு 200 மி.லி. வெறும் தண்ணீர் குடித்தால் வயிற்றில் ஏறக்குறைய 12 சதவீதக் கரைசல். அதே 200 மி.லி. சர்க்கரை கலந்த பானமாக இருந்தால் 17 சதவீதத்தைத் தொடும். அந்த அடர்த்தியில் குடல் உறிஞ்சுவதை விட்டுவிட்டு, உடம்பிலிருந்து தண்ணீரைத் தன் பக்கம் இழுக்கும். உப்புசம், பிடிப்பு, அப்புறம் ஒதுங்க இடம் தேடல். சவ்வூடு பரவல் என்று பள்ளியில் படித்தது இதுதான். ஆகவே பாகுக்குப் பச்சைத் தண்ணீர், பாகு இல்லாத நேரத்தில் தாது உப்பு நீர்.

தார் சாலையில் ஓட்டுகிறவர்களுக்கு இல்லாத சங்கடம் ஒன்று மலைச் சைக்கிளில் உண்டு: கையை எடுக்க முடியாது. செங்கல்பட்டுப் பக்கத்து ஏரிக்கரைத் தடங்களில் பாட்டில் வாயில் சேறும் சாணியும் தெறித்திருக்கும். முதுகில் மாட்டும் நீர்ப்பையும் குழாயும் வசதி. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளை ஏறுவதானால் அடிவாரத்திலேயே ஒரு பாக்கெட்டை முடித்துவிடுங்கள். குலுங்கி இறங்கும்போது வேண்டாம். பாக்கெட்டின் மேல்நுனியை முழுதாகக் கிழிக்காமல் ஒட்டியபடியே விட்டால் அந்தத் துணுக்கு காட்டில் விழாது.

நீர்ப்பையில் வெறும் தண்ணீரையும் பாட்டிலில் சர்க்கரைக் கலவையையும் வைப்பது நல்லது. சர்க்கரை போன குழாயை அன்றே வெந்நீர் விட்டு, தூரிகையால் தேய்த்து, தொங்கவிட்டுக் காயவைக்காவிட்டால் இந்த ஊர் ஈரத்துக்கு இரண்டே நாளில் கறுப்புப் பூஞ்சை பிடிக்கும். கடிக்கும் முனையைக் கழற்றித் தனியாகக் கழுவ வேண்டும்; அங்கேதான் முதலில் பிடிக்கும்.