சமன்பாட்டுக்கு மேலே ஒரு வெற்று வரி

கணிதப் புத்தகங்களையும் ஆய்வேடுகளையும் லேடெக் (LaTeX) என்ற அச்சுக்கோப்பு மென்பொருளில் அச்சுக்குத் தயார்செய்து தருவது என் வேலை. சில மாதங்களுக்கு முன் ஓர் ஆய்வு மாணவர் மடிக்கணினியோடு வந்தார். "சார், சில சமன்பாட்டுக்கு மேல மட்டும் பெரிய இடைவெளி விழுது. மைனஸ் ஸ்பேஸ் கொடுத்து மேல இழுத்தேன். இப்போ மேல் வரியோட ஒட்டிக்கிட்டு நிக்குது" என்றார். மறுவாரம் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க வேண்டும்.

கோப்பைத் திறந்ததுமே காரணம் தெரிந்துவிட்டது. படிக்க வசதியாக இருக்கட்டும் என்று பல சமன்பாடுகளுக்கு மேலே ஒரு வெற்று வரி விட்டிருந்தார். நமக்கு அது வெறும் இடைவெளி. லேடெக்குக்கோ, பத்தி முடிந்தது என்ற கட்டளை. அதனால் சமன்பாடு தன் வாக்கியத்திலிருந்து பிரிந்து தனியாக நிற்கும், மேலே தேவையில்லாத இடம் விழும். அதைவிடப் பெரிய கெடுதல் பக்க முறிவில் வரும். ஒரு வாக்கியத்தின் நடுவே வரும் சமன்பாட்டுக்குச் சற்று முன்னால் பக்கம் முறியாமல் லேடெக் தானாகவே பார்த்துக்கொள்ளும். வெற்று வரி அந்தக் காவலை எடுத்துவிடும். "பின்வருமாறு கிடைக்கிறது" என்பது ஒரு பக்கத்தின் அடியிலும், கிடைத்தது அடுத்த பக்கத்தின் தலையிலும் போய் உட்காரும். கோப்பு கண்ணுக்கு நெருக்கமாகத் தெரிந்தால் வெற்று வரிக்குப் பதில் ஒரு சதவீதக் குறி மட்டும் போடுங்கள், போதும்.

மைனஸ் ஸ்பேஸ் ஏன் கூடாது என்றால், அந்த இடைவெளி நிலையான அளவு கொண்டதல்ல. லேடெக்கின் ரிப்போர்ட் என்ற ஆவண வகுப்பில் 12 புள்ளி (பாயின்ட் என்ற அச்சு அளவு) எழுத்துக்குச் சமன்பாட்டின் மேலும் கீழும் 12 புள்ளி இடம். பக்கத்தின் தேவைக்கேற்ப அது 3 புள்ளி விரியும், 7 புள்ளி சுருங்கும். மேல் வரி குட்டையாக முடிந்து, சமன்பாடு தொடங்கும் இடம் வரை எட்டவில்லை என்றால் மேல் இடைவெளி தானாகவே குறையும். இன்றைக்குக் கையால் இழுத்து ஒட்டவைத்தது, நாளை முன்னால் இரண்டு வரி சேர்ந்ததும் கோணலாகிவிடும்.

கையால் இடம் கொடுக்க வேண்டிய இடங்களும் உண்டு. தொகையீட்டில் சார்புக்கும் டிஎக்ஸுக்கும் நடுவே சிறு இடைவெளி, எம் அகலத்தில் (எழுத்தின் அளவுக்குச் சமமான அகலம்) ஆறில் ஒரு பங்கு, நாம்தான் தர வேண்டும். இன்னொன்று கழித்தல் குறி. 5 − 3 என்பதில் குறியின் இருபுறமும் இடம் உண்டு. −3 என்பதில் குறி எண்ணோடு ஒட்டியிருக்கும். நீண்ட சமன்பாட்டை மடித்து இரண்டாம் வரியைக் கழித்தல் குறியோடு தொடங்கினால், அதற்கு முன்னால் எதுவும் இல்லாததால் எதிர்ம எண் என்று எடுத்துக்கொண்டு ஒட்டிவிடலாம். குறிக்கு முன் {} என்று ஒரு வெற்று அடைப்பு போட்டால் சரியாகிவிடும். தனியாக நிற்கும் சமன்பாட்டைக் குறிக்கு முன்னால் மடிப்பதும், பத்திக்குள் ஓடும் சமன்பாட்டைக் குறிக்குப் பின்னால் மடிப்பதும்தான் வழக்கம். ரஷ்யப் புத்தகங்களில் அதே குறியை இரண்டு வரியிலும் போடுவார்கள்.

அப்புறம் பக்க முறிவு. அலைன் சூழலில் (வரிகளை ஒரே நேராக அடுக்கும் கட்டளைத் தொகுதி) எழுதிய பல வரிச் சமன்பாட்டை லேடெக் இயல்பாக உடைக்காது. 14 வரி நிரூபணம் முழுசாக அடுத்த பக்கத்துக்குத் தாவி, இந்தப் பக்கத்தில் பாதி காலியாகிவிடும். கோப்பின் முகப்பில் அலவ்டிஸ்ப்ளேபிரேக்ஸ் கட்டளையை 1 என்ற அளவோடு போட்டால், வேறு வழியில்லாதபோது மட்டும் உடைக்கும். பிரியக் கூடாத வரிகளின் முடிவில், வரி முறிக்கும் இரட்டைப் பின்சாய்கோட்டுக்குப் (\\) பின் ஒரு நட்சத்திரக் குறி. ஸ்ப்ளிட் சூழல் மட்டும் இதற்கெல்லாம் மசியாது. அது முழுவதும் ஒரே பெட்டி.

கையால் போடும் பக்க முறிவு, திருத்தம் எல்லாம் முடிந்த பிறகுதான். தொழிலுக்கு வந்த புதிதில் முதல் புரூஃபிலேயே முறிவுகளைப் போட்டு வைத்திருந்தேன். ஆசிரியர் பிறகு ஒரு பத்தியைச் சேர்த்தார். நான் திரும்பப் பார்க்கவில்லை. நான்கு வரி மட்டும் உள்ள ஒரு பக்கம் அப்படியே அச்சாகிப் போனது. அந்தப் புத்தகம் இன்னும் என் அலமாரியில் இருக்கிறது.

மாணவரின் கோப்பில் முதலில் வெற்று வரிகளை எடுத்தோம், பிறகு மைனஸ் ஸ்பேஸ் எல்லாவற்றையும். கடைசியில் கையால் போட வேண்டியிருந்தது ஒரே ஒரு முறிவு. ஓர் அணிக்கோவை நிரூபணத்தில், "ஆகவே" என்று தொடங்கும் வரிக்கு முன்னால்.