டிடிஎச் நிறுவனம் மாறப் போகிறீர்களா? பெட்டி, தட்டு, கட்டணம்: விதி என்ன சொல்கிறது

கைபேசி எண்ணை வைத்துக்கொண்டே நிறுவனத்தை மாற்றிக்கொள்ளலாம். டிடிஎச்சில் அது நடக்காது. டாடா பிளேயை விட்டு சன் டைரக்டுக்குப் போனால் பழைய செட்டாப் பாக்ஸ் பரணுக்குத்தான் போகும். இத்தனைக்கும், பெட்டி ஒரு நிறுவனத்துக்கு மட்டும் உரியதாக இருக்கக் கூடாது, மற்ற டிடிஎச் சேவைகளுக்கும் பொருந்த வேண்டும் என்று 2001 மார்ச் 15 அன்று மத்திய அரசு வெளியிட்ட உரிம வழிகாட்டு நெறிகளிலேயே எழுதியிருக்கிறது.

எழுத்தில் இருந்த விதி வீடுகளுக்கு வராமல் போனதற்குக் காரணம் போட்டிதான். டிஷ் டிவி 2003 அக்டோபரில் வந்தது, டாடா ஸ்கை (இன்றைய டாடா பிளே) 2006 ஆகஸ்டில் வந்தது. இரண்டும் படத்தைச் சுருக்கி அனுப்பும் எம்பெக்-2 முறையில் ஒளிபரப்பின. 2007 டிசம்பரில் வந்த சன் டைரக்ட் எம்பெக்-4 முறையை எடுத்துக்கொண்டது. ஒரே அலைவரிசை இடத்தில் கூடுதல் சேனல்களை அடைக்கலாம் என்பது அதன் லாபம். ஆனால் எம்பெக்-2 பெட்டியால் எம்பெக்-4 சிக்னலைப் பிரித்துக் காட்ட முடியாது. அது போக, ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனிப் பூட்டுமுறையைக் கையாள்கிறது. அந்தப் பூட்டைத் திறக்கும் தனி அட்டையைப் பெட்டியின் துளையில் செருகி நிறுவனம் மாறலாம் என்பதுதான் விதியின் எண்ணம். நிறுவனங்களோ வாடிக்கையாளரைப் பிடிக்கப் பெட்டியை அடக்க விலைக்கும் கீழே தள்ளிவிட்டுக்கொண்டிருந்தன. அட்டையின் விலை புதுப் பெட்டியின் விலையைத் தொட்டபோது அதை யார் வாங்குவார்கள்? பெட்டிகள் எல்லாச் சேவைக்கும் பொருந்த வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2020 ஏப்ரலில் மறுபடியும் பரிந்துரைத்தது. பரிந்துரை வேறு, கட்டாயம் வேறு. ஆகவே மாறும்போது புதுப் பெட்டிக்கான செலவைக் கணக்கில் சேர்த்தே முடிவெடுங்கள்.

எதை மறுபடியும் பயன்படுத்தலாம்

பெட்டிதான் பொருந்தாது. மாடியில் இருக்கும் தட்டு, அதைத் தாங்கும் குழாய், ஆர்ஜி-6 கேபிள் ஆகியவை பொருந்தும். தட்டின் முன்னால் இருந்து சிக்னலை வாங்கும் எல்என்பியும் நல்ல நிலையில் இருந்தால் பெரும்பாலும் போதும். புதிதாக வருபவர் முழு செட்டுக்கும் பணம் கேட்டால், பெட்டிக்கு மட்டும் எவ்வளவு என்று தனியாகக் கேளுங்கள்.

தட்டைத் திருப்பத்தான் வேண்டும், ஏனென்றால் செயற்கைக்கோள்கள் வேறு வேறு இடத்தில் நிற்கின்றன. டாடா பிளே கிழக்குத் தீர்க்கரேகை 83 பாகையில் இருக்கிறது. டி2எச் 88, டிஷ் டிவி 95, ஏர்டெல் 108.2. சன் டைரக்ட் 93.5-இலும் 91.5-இலும் இருக்கிறது. சென்னையில் நின்று பார்த்தால் டாடா பிளேயின் செயற்கைக்கோள் கிட்டத்தட்ட நேர் தெற்கில், அடிவானத்திலிருந்து ஏறக்குறைய 74 பாகை உயரத்தில் இருக்கும். 93.5 சரியாகத் தென்கிழக்கில், 68 பாகை உயரத்தில். ஏர்டெல் இன்னும் கிழக்கே தள்ளி, 54 பாகைக்கு இறங்கிவிடும். கிழக்குப் பக்கம் ஒட்டினாற்போல அடுக்குமாடியோ தென்னையோ இருக்கும் வீட்டில் டாடா பிளே தெளிவாக வந்து ஏர்டெல் வராமல் போவது இதனால்தான். இணைப்புக்குப் பணம் கட்டும் முன் மாடிக்குப் போய் அந்தத் திசையைப் பார்த்துவிடுங்கள். இந்தத் தட்டுகளில் எல்என்பி சற்றுக் கீழே தள்ளிப் பொருத்தப்பட்டிருக்கும். அதனால் தட்டு உண்மையில் நோக்கும் உயரத்தைவிடத் தாழ்வாகப் பார்ப்பதுபோல் கண்ணுக்குத் தெரியும். அதை நம்பிக் கையால் நிமிர்த்தினால் சிக்னல் போய்விடும். திசை சரியாக இருந்தும் சில சேனல்கள் மட்டும் வரவில்லை என்றால், எல்என்பியை அதன் பிடிக்குள் சற்றுச் சுழற்றாமல் விட்டிருப்பார்கள். மழை பெய்யும் நேரத்தில் மட்டும் படம் உடைந்தால் அது டிடிஎச் பயன்படுத்தும் கேயூ அலைவரிசையின் இயல்பு. மழை விட்ட பிறகும் உடைந்தால் கேபிள் முனையில் தண்ணீர் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

மாதக் கட்டணம் எப்படிப் போடப்படுகிறது

2019 பிப்ரவரியில் டிராயின் புதிய கட்டண முறை வந்தது. அதிலிருந்து கட்டணம் இரண்டு பகுதி: இணைப்புக்கான அடிப்படைக் கட்டணம் (என்சிஎஃப்), கட்டணச் சேனல்களின் விலை. இரண்டுக்கும் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. தொடக்கத்தில் 100 சேனலுக்கு என்சிஎஃப் 130 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது என்று இருந்தது, வரியோடு 153 ரூபாய் 40 காசு. 2020-இல் அதே 130 ரூபாய்க்கு 200 சேனல் என்று ஆனது. 2024 ஜூலைத் திருத்தத்தில் அந்த உச்சவரம்பே எடுக்கப்பட்டுவிட்டது. இப்போது என்சிஎஃப் எவ்வளவு என்பதை நிறுவனமே முடிவு செய்கிறது, அதை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். பொருத்துக் கூலி, செயல்படுத்தும் கட்டணம், வீடு மாற்றும் கட்டணம் ஆகியவற்றின் வரம்புகளும் அப்போதே நீங்கின. ஆகவே '350 ரூபாய்க்கு மேல் பொருத்துக் கூலி வாங்கக் கூடாது' என்று பழைய செய்தியைக் காட்டி வாதாடிப் பயனில்லை. நிறுவனம் தானே அறிவித்த தொகைக்கு மேல் கேட்டால் மட்டும் வாதாடுங்கள்.

மாறாமல் இருக்கும் உரிமை ஒன்று உண்டு. எந்தச் சேனலையும் தனியாக வாங்கலாம், தொகுப்பாகத்தான் எடுக்க வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது. தொகுப்பில் சேர்க்கப்படும் சேனலின் விலை 19 ரூபாயைத் தாண்டக் கூடாது. தனி விலைகளின் கூட்டுத்தொகையில் ஒளிபரப்பாளர் 45 சதவீதம் வரைதான் தள்ளுபடி தரலாம். இதை வைத்து ஒரு கணக்குப் போடுங்கள். 19 ரூபாய்ச் சேனல்கள் ஐந்து இருக்கும் தொகுப்பு என்றால் தனி விலை மொத்தம் 95 ரூபாய், தள்ளுபடி போனாலும் 52 ரூபாய் 25 காசுக்குக் கீழே வராது. அதில் இரண்டு சேனல்தான் பார்ப்பீர்கள் என்றால் தனியாக 38 ரூபாயில் முடிந்துவிடும். மூன்று என்றால் 57 ரூபாய், அப்போது தொகுப்பே மேல். ஹெச்டியும் எஸ்டியுமாக ஒரே சேனலை ஒரே தொகுப்பில் வைப்பதும், இலவசச் சேனலையும் கட்டணச் சேனலையும் ஒரே தொகுப்பில் கலப்பதும் விதிக்கு மாறானவை. சேனல் விலைகளை உங்கள் பெட்டியில் 999-ஆம் எண்ணில் பார்க்கலாம்.

2024 திருத்தத்தில் நமக்கு நல்லது ஒன்றும் நடந்தது. தூர்தர்ஷனின் டிடி ஃப்ரீ டிஷ்ஷில் இலவசமாக வரும் சேனலை மற்ற இடங்களில் காசுக்கு விற்க முடியாது, எல்லா இடத்திலும் அது இலவசச் சேனல்தான். மாதக் கட்டணமே வேண்டாம் என்றால் ஃப்ரீ டிஷ் இருக்கிறது. செயற்கைக்கோள் ஜிசாட்-15, இடம் அதே 93.5. ஹிந்திச் சேனல்களே அதிகம். சன், விஜய் தொடர்களை எதிர்பார்க்கும் வீட்டுக்கு இது போதாது. டிடி தமிழும் செய்தியும் போதும் என்பவர்களுக்கு, அல்லது கிராமத்து வீட்டில் இரண்டாவது டிவிக்கு, இது தாராளம்.

சேனலுக்காக மாற வேண்டுமா

டிஷ் டிவி ஜீ குழுமத்தைச் சேர்ந்தது, டாடா ஸ்கையில் ஸ்டார் பங்கு வைத்திருந்தது, சன் டைரக்ட் சன் குழுமத்துடையது. ஆளுக்கொரு சேனல் கூட்டமும் ஆளுக்கொரு டிடிஎச்சும் இருந்தால், எதிராளிக்குச் சேனல் தராமல் இழுத்தடிப்பது எளிது. ஆரம்ப ஆண்டுகளில் அப்படித்தான் நடந்து, வழக்குகள் தொலைத்தொடர்புத் தீர்ப்பாயம் வரை போயின. கேட்கும் எல்லா விநியோகஸ்தர்களுக்கும் பாகுபாடின்றிச் சேனலைக் கொடுக்க வேண்டும் என்று 2004 டிசம்பரில் டிராய் ஒழுங்குமுறை கொண்டுவந்தது. முக்கியச் சேனல்கள் இன்று எல்லா டிடிஎச்சிலும் இருப்பதற்கு வேர் அந்த விதி. ஆகவே ஒரே ஒரு சேனலுக்காக நிறுவனம் மாறும் முன் இப்போதைய நிறுவனத்தின் பட்டியலில் அது தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்கும், உங்கள் தொகுப்பில் இருக்காது, அவ்வளவுதான்.

மாறுவது என்று முடிவானால், பழைய இணைப்பில் ரீசார்ஜ் தீரும் தேதியைப் பார்த்து, குறைந்தது 15 நாள் முன்பே துண்டிப்புக் கோரிக்கையைப் பதிவு செய்து எண் வாங்கி வையுங்கள். பெட்டி வாடகைக்கோ முன்பணத்துக்கோ வந்தது என்றால், அதைத் திருப்பித் தந்ததற்கு ரசீது இல்லாமல் கொடுக்காதீர்கள். முன்பணம் திரும்பி வர அதுதான் ஆதாரம். சண்டை வந்தால் முதலில் வாடிக்கையாளர் மையம், அங்கே தீராவிட்டால் புகார்களைக் கவனிக்க நிறுவனம் நியமித்திருக்கும் நோடல் அதிகாரி. தனிநபர் புகாரை டிராய் விசாரிப்பதில்லை, அங்கே எழுதிக் காத்திருப்பது நாளைக் கடத்தும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதியலாம். அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கோ சேவைக்கோ அங்கே புகார்க் கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே வாதாடலாம். ரீசார்ஜ் செய்தி, புகார் எண், பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் எண்ணின் படம் ஆகிய மூன்றும் கையில் இருக்கட்டும்.