குறியீடற்ற ஆர்என்ஏவா, புரதம் குறிக்கா ஆர்என்ஏவா?

கல்லீரல் வைரஸ்களைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் 'நான்கோடிங் ஆர்என்ஏ' (non-coding RNA) வந்தாலே 'குறியீடற்ற ஆர்என்ஏ' என்று போட்டுவிடுகிறார்கள். படித்துப் படித்துச் சலித்துவிட்டது.

'கோட்' லத்தீன் 'கோடெக்ஸ்' வழி வந்த சொல். மரத்துண்டு, எழுதுபலகை, சட்டநூல், அப்புறம்தான் சங்கேதம். உயிரியலில் 'கோடிங்' என்றால் எந்த அமினோ அமிலத்துக்குப் பின் எதைக் கோத்துப் புரதம் செய்வது என்று குறிப்பது. அந்த வேலையைச் செய்யாத ஆர்என்ஏதான் நான்கோடிங்.

சரி, 'குறியீடற்ற' என்றால் படிப்பவருக்கு என்ன தோன்றும்? இதில் செய்தியே இல்லை என்றுதானே? ஆனால் இந்த ஆர்என்ஏக்களுக்கு எழுத்து வரிசைதான் உயிர் (இழையில் கோத்திருக்கும் வேதிக் கண்ணிகளைத்தான் எழுத்து என்கிறேன்). ஹெபடைடிஸ் பி-க்கு எதிராகச் சோதிக்கப்படும் குறுக்கிடும் ஆர்என்ஏவை (siRNA) எடுத்துக்கொள்ளுங்கள், ஏறக்குறைய 21 எழுத்து நீளம்தான், அதன் ஓர் இழையை ஆர்கோநாட் என்ற புரதம் பிடித்துக்கொண்டு அந்த எழுத்துகளோடு ஜோடி சேரும் வைரஸ் ஆர்என்ஏவைத் தேடி வெட்டுகிறது. அந்த வைரஸின் ஆர்என்ஏக்களெல்லாம் ஏறத்தாழ ஒரே வால்பகுதியில் முடிவதால், பொதுவான இடத்தைக் குறிவைத்த ஒரே இழை பலவற்றையும் அடக்கிவிடும். (உட்கருவில் வட்டமாகக் கிடக்கும் வைரஸ் டிஎன்ஏ மட்டும் தப்பிவிடும், அதனால் இதை 'ஒழிப்பு' என்று எழுதுவதும் தவறு.) கல்லீரலில் நிறைந்திருக்கும் மிர்-122 என்ற நுண் ஆர்என்ஏ (microRNA), ஹெபடைடிஸ் சி ஆர்என்ஏவின் முன்முனையில் ஒட்டி அதைச் சிதையாமல் காக்கிறது என்பதும் எழுத்துப் பொருத்தத்தால்தான், இங்கே மிர்-122-ஐத் தடுத்தால் வைரஸ் குறையும். இத்தனையும் செய்வதற்குப் பெயர் குறியீடற்றதாம்!

'குறியாக்கமற்ற' என்று இன்னொன்றும் உலவுகிறது. கணினித் தமிழில் தகவலை மறைத்து எழுதுவதையும் குறியாக்கம் என்கிறார்கள், ஆகவே குழப்பம் இரட்டிப்பு.

எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றுதான்: ஆங்கிலத்தில் 'நான்' (non) என்ற முன்னொட்டு வந்தால் கண்ணை மூடிக்கொண்டு 'அற்ற' சேர்ப்பது. ஒரு பொருள் இல்லாமைக்கு 'அற்ற', ஒரு செயல் நிகழாமைக்கு 'ஆத' (சுருங்கினால் 'ஆ') என்று தமிழ் தெளிவாகப் பிரித்து வைத்திருக்கிறது. செல்லாக் காசைச் செலவற்ற காசு என்று யாராவது சொல்வார்களா? வாடா மலர் போல, 'புரதம் குறிக்கா ஆர்என்ஏ' என்றால் எது இல்லை என்பதும் சேர்ந்தே விளங்கிவிடும்.

ஒரே ஓர் எச்சரிக்கை. சிறிய வகையைச் சொல்லும்போது 'சிறு புரதம் குறிக்கா ஆர்என்ஏ' என்று எழுதினால் புரதம் சிறியதாகிவிடும். 'புரதம் குறிக்காச் சிற்றார்என்ஏ' என்று எழுதுங்கள்.