பூரவோர்ஸ் வாங்கும்போது சட்டம் உங்களுக்கு என்ன தருகிறது?

போன செப்டம்பர் 24, தென்னாப்பிரிக்காவின் பாரம்பரிய தின விடுமுறையன்று, பக்கத்து வீட்டு பிராய்க்கு (தணலில் கறி சுட்டுச் சாப்பிடும் விருந்து) நானும், பூரவோர்ஸ் என்ற சுருள் சாசேஜ்தான் என்று நினைத்து, ஒரு கிலோ சாசேஜ் வாங்கிக்கொண்டு போனேன். தணல் பதமாகி, சுருளைக் கம்பி வலைமேல் வைத்த கொஞ்ச நேரத்திலேயே கொழுப்பு சொட்டிச் சொட்டித் தீ குப்பென்று எழும்பியது. பக்கத்திலேயே வீட்டுக்காரர் வைத்திருந்த சுருள் நிதானமாகச் சிவந்துகொண்டிருந்தது. நான் கொண்டுபோனதோ தோல் வெடித்து, உள்ளிருந்து களி மாதிரி வெளிறிய ஏதோ பிதுங்கியது. அவர் என் காலி பாக்கெட்டை எடுத்துக் காட்டினார். அதில் ‘பூரவோர்ஸ்’ என்று எங்குமே இல்லை. ‘பிராய்வோர்ஸ்’ என்றுதான் போட்டிருந்தது.

பெயரில் இருந்த அந்தச் சின்ன வித்தியாசம்தான் எல்லாவற்றுக்கும் காரணம். தென்னாப்பிரிக்காவில் ‘பூரவோர்ஸ்’ என்ற சொல் சட்டத்தால் காக்கப்பட்டது. ஆஃப்ரிகான்ஸ் மொழியில் ‘பூர்’ என்றால் விவசாயி, ‘வோர்ஸ்’ என்றால் சாசேஜ். 1972-ஆம் ஆண்டின் 54-ஆம் எண் உணவுப் பொருள் சட்டத்தின் கீழ், 1990 நவம்பரில் வந்த ஆர் 2718 என்ற விதிமுறை, பச்சையாக விற்கும் பூரவோர்ஸில் என்ன இருக்க வேண்டும், என்ன இருக்கக் கூடாது என்று சொல்கிறது. அதற்குப் பொருந்தாத சாசேஜை அந்தப் பெயரில் விற்க முடியாது.

விதி இதுதான். மாடு, ஆடு, செம்மறி, பன்றி இவற்றின் கறி தனியாகவோ கலந்தோ இருக்கலாம். மொத்தத்தில் குறைந்தது 90 சதவீதம் கறியாக இருக்க வேண்டும். கொழுப்பு 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள், பலரும் தப்பாகப் புரிந்துகொள்வது இதைத்தான்: அந்த 90 சதவீதத்துக்குள் கொழுப்பும் அடக்கம். ஒரு கிலோ சுருள் என்றால் கறியும் கொழுப்பும் சேர்ந்து 900 கிராம். அதில் கொழுப்பு 300 கிராம் வரை போகலாம். ஆக, கொழுப்பில்லாத சதை குறைந்தது 600 கிராம் இருந்தே ஆக வேண்டும். மீதி 100 கிராமுக்குள்தான் வினிகர், உப்பு, தண்ணீர், தானிய மாவு, மசாலா எல்லாம். அந்த மசாலாவில் முன்னால் நிற்பது வறுத்துப் பொடித்த மல்லி விதை. முதல் தடவை பிராய்க்குப் போகும் தமிழருக்கு அந்த வாசம் நம் வீட்டு அடுப்படியையே ஞாபகப்படுத்தும்.

ஈரல், நுரையீரல் போன்ற உள்ளுறுப்புகளைச் சேர்க்கக் கூடாது. மேல் உறையாக வரும் குடலுக்கு மட்டும் விலக்கு உண்டு. எலும்பில் ஒட்டியிருக்கும் மிச்சத்தை இயந்திரத்தில் பிழிந்தெடுக்கும் கறிக்கூழுக்கும் இடமில்லை. கோழி அந்த நான்கு இனங்களில் வராது. அதனால் கோழிக்கறியில் செய்ததைப் பூரவோர்ஸ் என்று விற்பது தவறு.

பிராய்வோர்ஸ், கிரில்லர் போன்ற பெயர்களில் வருபவற்றுக்கு இந்த 90 சதவீத விதி கிடையாது. அவற்றை விற்பது குற்றமில்லை. கையில் காசு குறைவாக இருக்கிறவர்களுக்கு அவை தேவைதான். ஆனால் இரண்டும் ஒரே ஃப்ரிட்ஜ் தட்டில், ஒரே மாதிரி சுருட்டி, ஒரே நிறத்தில் கிடக்கும். முதலில் பெயரைப் பாருங்கள், விலையை அப்புறம் பார்க்கலாம்.

மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் இதை இன்னும் கவனமாகப் படிக்க வேண்டும். டர்பனின் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பக்கம் நம் குடும்பங்களில் அப்படி நிறையப் பேர் இருக்கிறார்கள். பூரவோர்ஸ் என்ற பெயர், உள்ளே எந்த விலங்கு என்று சொல்லாது. பெரும்பாலும் மாடு இருக்கும், பன்றியும் கலந்திருக்கலாம். ஒரே இனத்தின் கறி வேண்டுமென்றால், அதே ஆர் 2718-இல் அதற்குத் தனி வகை உண்டு. ‘ஆட்டிறைச்சி சாசேஜ்’ என்பது போல இனத்தின் பெயரைச் சொல்லியே விற்க வேண்டும். ஆனால் அதில் மொத்தக் கறி 75 சதவீதம் இருந்தாலே போதும். கொழுப்பின் உச்சவரம்பு அதே 30. அதாவது கிலோவுக்கு 450 கிராம் சதை இருந்தாலும் சட்டப்படி சரி. இனத்தின் பெயர் தெளிவாக இருக்கிறது என்பதற்காகத் தரமும் கூடுதல் என்று நினைத்துவிடாதீர்கள். மேல் உறை எந்த விலங்கின் குடல் என்பதையும் கடைக்காரரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். உள்ளே ஆட்டுக்கறி, வெளியே பன்றிக்குடல் என்றால் உங்களுக்கு அது சரிப்படாது.

லேபிளை எவ்வளவு நம்பலாம்? 2013-இல் வெளியான ஓர் ஆய்வுக்காக, தென்னாப்பிரிக்காவின் ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கடைகளில் வாங்கிய 139 இறைச்சிப் பொருட்களைச் சோதித்தார்கள். அவற்றில் 68 சதவீதத்தில் லேபிளில் சொல்லாத ஏதாவது இருந்தது. சொல்லாமல் சேர்த்த சோயா, கோதுமைப் புரதம், பன்றி, கோழி, சிலவற்றில் கழுதைக்கறிகூட. சாசேஜ்களில் இந்தக் கோளாறு அதிகம் தெரிந்தது. கோதுமையோ சோயாவோ ஒத்துக்கொள்ளாதவருக்கு இது உடம்புக்கு ஆபத்து. விரதம், நம்பிக்கை என்று பார்த்துப் பார்த்துச் சாப்பிடுகிறவருக்கு மனசு விட்டுப்போகிற விஷயம். இதைச் சாதாரண ஏமாற்று வேலை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

2010-இல் வந்த ஆர் 146 லேபிள் விதிப்படி, பாக்கெட்டில் அடைத்து விற்பதில் உட்பொருட்களை எடை அதிகமானதிலிருந்து வரிசையாகப் போட வேண்டும். ஒவ்வாமை தரக்கூடிய பொருட்களையும் குறிப்பிட வேண்டும். ‘பூரவோர்ஸ்’ என்று பெயர் போட்டுவிட்டுப் பட்டியலில் சோயா வந்தால் சந்தேகப்படுங்கள்.

சந்தேகம் வந்தால் எங்கே போவது? உங்கள் மாநகராட்சி அல்லது மாவட்ட நகராட்சியின் சுற்றுச்சூழல் சுகாதார அலுவலர்தான் முதல் ஆள். கடையில் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பும் அதிகாரம் அவருக்கு உண்டு. உங்கள் பணத்துக்கு வேறு வழி: 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 56-ஆம் பிரிவு. குறையுள்ள பொருளை ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுத்து, மாற்றுப் பொருளோ பணமோ கேட்கலாம். இரண்டில் எது என்பதை நீங்கள் முடிவு செய்யலாம், கடைக்காரர் அல்ல. கடை மறுத்தால் நுகர்பொருள் மற்றும் சேவைகளுக்கான குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

இதற்கெல்லாம் கையில் பொருள் இருக்க வேண்டும். நான் அன்று பாக்கெட்டைக் குப்பையில் போட்ட மாதிரி செய்யாதீர்கள். ரசீது, லேபிள் இரண்டையும் படம் எடுத்துக்கொண்டு, சமைக்காத ஒரு துண்டை அதே பாக்கெட்டில் சுற்றி ஃப்ரீஸரில் வையுங்கள்.