மின்கலமா, மின்கலவடுக்கா?

கேரவன் போல, உள்ளேயே தங்கிப் பயணம் செய்யும் வண்டிகளில் இருவகை பேட்டரிகள் இருக்கும். ஒன்று இன்ஜினைக் கிளப்ப; மற்றொன்று விளக்கு, விசிறி, தண்ணீர் பம்பு, குளிர்பெட்டி ஆகியவற்றுக்கு. இரண்டாவதைத்தான் ‘ஹவுஸ் பேட்டரி’ என்கிறார்கள். இதைத் தமிழில் எப்படிச் சொல்வது? ‘வீட்டுப் பேட்டரி’ என்றால் வீட்டு இன்வெர்ட்டர்தான் நினைவுக்கு வரும். ‘உறைவிட மின்கலவடுக்கு’ என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

‘பேட்டரி’க்கு ‘மின்கலம்’ என்ற சொல்லே போதாதா? போதாது. ‘அடித்தல்’ என்று பொருள்படும் பிரெஞ்சு வினையிலிருந்து பிறந்தது ‘பேட்டரி’. எதிரியை அடித்து நொறுக்க வரிசையாக நிறுத்திய பீரங்கித் தொகுதிக்கு அது பெயராயிற்று. 1749இல் பெஞ்சமின் பிராங்ளின், 11 கண்ணாடிப் பலகைகளில் மெல்லிய ஈயத் தகடுகள் பொருத்தி இணைத்த மின்னமைப்பை அப்பெயரால் குறித்தார். அப்போதும் அது ஒரு தொகுதிதான். தமிழில் ‘கலம்’ என்பது பாத்திரம். மின்கலம் என்றால் ஒற்றைக் கலம். சுவர்க் கடிகாரத்தில் போடுவது மின்கலம். 12 வோல்ட் ஈய அமில பேட்டரியிலோ ஆறு அறைகள். ஒவ்வோர் அறையும் ஒரு கலம்; அறைக்குச் சுமார் 2.1 வோல்ட். ஆகவே அது மின்கலவடுக்கு.

பராமரிப்புக்கே இந்த வேறுபாடு அடிப்படை. மூடி திறக்கும் ஈய அமில வகையை முழுதாக மின்னேற்றி, சற்று ஆறவிட்டு, மூடிகளைத் திறந்து ஒவ்வோர் அறையிலும் ஹைட்ரோமீட்டரால் (அடர்த்தியை மிதவை கொண்டு அளக்கும் கருவி) அமிலத்தை உறிஞ்சிப் பாருங்கள். ஐந்து அறைகளில் நீரோடு ஒப்பிட்ட அடர்த்தி 1.265 அருகே நிற்க, ஆறாவதில் மட்டும் மிதவை 1.200இல் அமிழ்ந்து கிடந்தால், நோய் அங்கேதான். அந்த ஒரு கலம் முழு அடுக்கையும் கீழே இழுத்துவிடும். இரண்டு 6 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்திருந்தாலும் இதே கதைதான். பழையதோடு புதியதைச் சேர்க்காதீர்கள். மாற்றினால் எல்லாவற்றையும் ஒருசேர மாற்றுங்கள்.

வாங்கும்போது காணும் ‘டீப் சைக்கிள்’ என்பதை ‘ஆழ்சுழற்சி’ என்று பெயர்த்தால் பொருள் விளங்காது. ஆழமாக மின்னிறங்கி மீண்டும் ஏறுவதைத் தாங்கும் தடித்த தகடுகள் கொண்டது என்பதே கருத்து. ‘ஆழ் மின்னிறக்க அடுக்கு’ எனலாம். ஆனாலும் பாதிக்குக் கீழே இறங்கவிடாமல் பார்த்துக்கொண்டால் நெடுநாள் உழைக்கும். மின்னேற்றாமல் போட்டுவைத்தால் தகடுகளில் ஈய சல்பேட் கெட்டியாகப் படிந்துவிடும். மூடி திறக்கும் வகைக்கு, மின்னேற்றிய பின் காய்ச்சி வடித்த நீரை மட்டுமே ஊற்ற வேண்டும்.

12 வோல்ட் லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையும் அடுக்குதான்: 3.2 வோல்ட் கலங்கள் நான்கு. அதற்கு நீர் வேண்டாம். ஆனால் உறைநிலைக்குக் கீழான குளிரில் அதை மின்னேற்றக் கூடாது. பழைய சார்ஜர் அதற்கு ஒத்துவருமா என்று பார்த்த பிறகே வாங்குங்கள்.