முறையொத்த பீறிடல்

ஆங்கிலத்தில் குவாசி பீரியாடிக் எரப்ஷன். சில விண்மீன்பேரடைகளின் நடுவில் உள்ள கருந்துளையை ஒட்டி எக்ஸ் கதிர் திடீரென்று பொங்கி அடங்கும். சில மணியோ சில நாளோ கழித்து மறுபடியும் பொங்கும். 2018 டிசம்பரில் ஜிஎஸ்என் 069 என்ற பேரடையில்தான் இது முதலில் கண்ணில் பட்டது. அங்கே ஏறக்குறைய 9 மணி நேரத்துக்கு ஒரு தடவை.

'குவாசி' லத்தீன், 'போல' என்று பொருள். 'பீரியாடிக்' கிரேக்கத்தில் 'சுற்றி வரும் வழி' என்பதிலிருந்து வந்தது. 'எரப்ஷன்' மறுபடி லத்தீன், உடைத்துக்கொண்டு வெளிவருதல்.

தமிழில் 'வெடிப்பு' என்று எழுதிவிடுகிறோம். எங்கள் தடா, சூளூர்ப்பேட்டைப் பக்கம் தெலுங்குப் பழக்கத்தில் 'விஸ்போடனம்' என்பார்கள், அதுவும் வெடிப்புதான். வெடித்தது வெடித்ததோடு சரி. இங்கே கருந்துளையும் அதைச் சுற்றும் வாயுத் தட்டும் அப்படியே இருக்கின்றன. அதனால் பீறிடல்.

'குவாசி'க்குப் 'போலி' என்று போட்டால் கள்ளச் சரக்கு என்றாகிவிடும். விட்டுவிட்டு வரும் சுரத்துக்கு முறைக்காய்ச்சல் என்று பெயர் வைத்தவர்கள் நாம். அந்த 'முறை'யோடு 'ஒத்த' சேர்ந்தால் போதும். கடிகாரம் மாதிரி துல்லியம் கிடையாது. ஜிஎஸ்என் 069இல் இடைவெளி ஒன்று நீளம், அடுத்தது குறைவு. பொங்கலும் ஒன்று வலுவாக, மற்றது சற்று மெலிவாக. கருந்துளையைச் சுற்றும் விண்மீனோ சின்னக் கருந்துளையோ ஒரு சுற்றுக்கு இரண்டு முறை தட்டைத் துளைத்துப் போகிறது, ஒவ்வொரு மோதலிலும் சூடான வாயு வீசப்படுகிறது என்பது ஒரு விளக்கம். பாதை வட்டமாக இல்லாவிட்டால் இடைவெளிகள் சமமாக இருக்காது. தட்டே நிலைகுலைந்து பொங்குகிறது என்பாரும் உண்டு.

அப்புறம், 'ஊடுகதிர்' வேண்டாம், எக்ஸ் கதிரே இருக்கட்டும். ஆஸ்பத்திரியில் உடம்பை ஊடுருவுவது சரி, விண்ணிலிருந்து வரும் இந்த மென் கதிர்கள் நம் காற்றையே ஊடுருவ மாட்டா. செயற்கைக்கோள்தான் பார்க்க முடியும். பழவேற்காட்டு ஏரிக்கு அந்தப் பக்கம், ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2015 செப்டம்பர் 28இல் கிளம்பிய ஆஸ்ட்ரோசாட்டும் அதில் ஒன்று. 2019இல் ஒரு விண்மீனைக் கிழித்துப்போட்ட கருந்துளை ஒன்றில் (அந்த நிகழ்வுக்கு ஏடி2019கிஸ் என்று பெயர்) சுமார் 48 மணி நேரத்துக்கு ஒரு பீறிடல் வருவதாக 2024இல் வெளியான ஆய்வில் அதன் பதிவுகளும் சேர்ந்திருந்தன.