இட்லிப் பானையிலிருந்து வந்த ஆந்தை

"உங்கள் ஆவி விலங்கு: ஆந்தை." அக்கா மகளின் கைப்பேசிச் செயலி தமிழில் அப்படித்தான் சொன்னது. அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த அக்கா, "யாருக்குடி பேய் பிடிச்சிருக்கு?" என்றாள். 'ஸ்பிரிட் அனிமல்' என்பதன் அந்த மொழிபெயர்ப்புக்கு இதைவிடச் சரியான மதிப்புரை கிடையாது. இந்த மாதத்தில் நான் அந்தச் சொல்லைக் கேட்பது நாலாவது தடவை.

விஷயம் இதுதான். ஓர் அட்டைக்கட்டு, அட்டைக்கு ஒரு பிராணி: ஓநாய், ஆமை, ஆந்தை என்று. மனதில் ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு கட்டைக் கலைத்து ஒன்றை உருவினால், அந்தப் பிராணியின் பேரில் ஓர் அறிவுரை வரும். இதைத்தான் அனிமல் ஸ்பிரிட் ஆரக்கிள் கார்டு என்கிறார்கள். ஜோசியம் பார்க்கும் டாரோ அட்டை வேறு. அதற்கு 78 அட்டை என்று கணக்கு உண்டு. 15ஆம் நூற்றாண்டு இத்தாலியில் சீட்டாட்டமாகப் பிறந்தது. ஆரக்கிளுக்கு அச்சடிப்பவர் வைத்ததே எண்ணிக்கை.

பேசுவது, வேண்டுவது என்ற பொருளுள்ள 'ஓராரே' என்ற லத்தீன் வினையிலிருந்து வந்தது ஆரக்கிள். பழைய கிரேக்கத்தின் டெல்ஃபி கோயிலில் அப்பல்லோ தெய்வத்தின் பேரால் பித்தியா என்ற பெண் பூசாரி சொன்ன வாக்கும் ஆரக்கிள், அந்த இடமும் ஆரக்கிள். வேர் இவ்வளவு போதும்.

இப்போது ஆவிக்கு வருவோம். ஸ்பிரிட்டுக்கு லத்தீனில் மூச்சு என்று பொருள், ஆவிக்கும் பழந்தமிழில் உயிர்தானே என்று அகராதியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். பரிசுத்த ஆவி இல்லையா என்பார்கள். இருக்கிறது; அங்கே 'பரிசுத்த' காவல் நிற்கிறது. தனியாக விட்டால் ஆவி இட்லிப் பானையிலிருந்து வரும், இல்லை புளியமரத்திலிருந்து வரும். பக்கத்தில் 'விலங்கு' வேறு. பேயைப் பூட்டி வைக்க மந்திரவாதி விற்கும் கைவிலங்கு போலத்தான் எனக்குக் கேட்கிறது. சரி, 'விலங்கு ஆவி' என்று திருப்பிப் போட்டால்? செத்த மாடு தெருவில் அலைகிறது.

இன்னொரு கோஷ்டி ஆரக்கிள் கார்டை 'அசரீரி அட்டை' என்கிறது. உடம்பில்லாத குரல்தான் அசரீரி. அட்டைக்கு உடம்பு உண்டு, குரல்தான் இல்லை. அதோடு அசரீரி யாரும் கேட்காமல் வருவது. கம்சன் காசு கொடுத்துக் கேட்கவில்லை.

'குலக்குறி'யும் ஆகாது. அது டோட்டம், அதாவது ஒரு குலம் தன் அடையாளமாகக் கொள்ளும் பிராணி அல்லது பொருள், என்பதற்கு மானுடவியலில் நிலைத்த சொல். டோட்டம், வட அமெரிக்காவின் ஒஜிப்வே மக்களுடைய குலச் சொல்லிலிருந்து வந்தது. குலம் பிறப்போடு வருவது, கட்டிலிருந்து உருவுவதில்லை. ஸ்பிரிட் அனிமல் என்று பிறர் விளையாட்டாகப் பேசுவதையே அங்குள்ள பூர்வகுடிகள் பலர் விரும்புவதில்லை.

தனித்தமிழ் நண்பர் ஒருவர் 'விரிச்சி அட்டை' என்றார். தற்செயலாகக் காதில் விழும் பிறர் பேச்சை நிமித்தமாகக் கொள்வது விரிச்சி. ஆசையாகத்தான் இருந்தது. முல்லைப்பாட்டில் முதிய பெண்கள் நெல்லும் முல்லைப்பூவும் தூவி நற்சொல்லுக்குக் காத்து நிற்க, ஓர் ஆய்மகள் பசியில் தவிக்கும் கன்றிடம் "இன்னே வருகுவர் தாயர்" என்கிறாள். அதுவே நல்ல விரிச்சியாகிறது. ஆனால் விரிச்சி காதில் விழுவது, அட்டை கண்ணில் படுவது. அடிக்குறிப்பில்லாமல் நடக்க முடியாத சொல் வேறு.

குறி என்ற சொல் கையிலேயே இருக்கிறது. குறி கேட்கிறோம், குறி சொல்கிறார்கள். படத்தால் உணர்த்தும் அடையாளமும் குறிதான். கிளி ஜோசியக்காரர் கிளியை எடுக்கச் சொல்வது சீட்டு. அங்கே பிராணி மனிதனுக்குச் சீட்டு எடுக்கிறது, இங்கே மனிதன் பிராணியை எடுக்கிறான், அவ்வளவே வித்தியாசம். ஆகவே குறிச்சீட்டு. சீட்டில் வருவது வழித்துணை விலங்கு. மொழிபெயர்ப்பவர்கள் அகராதியைத் திறக்கும் முன் தெருமுனைவரை ஒரு நடை போய்வந்தால் இதெல்லாம் தானாகக் கிடைக்கும்.

ஆந்தை அறிவின் சின்னம் என்று செயலி விளக்கியது. அக்கா கேட்கவில்லை. "வீட்டுக்குள்ள ஆந்தையா? வேற எடு" என்றாள். அடுத்து நரி வந்தது. "ம், நரி முகத்துல முழிச்சிருக்க" என்று திருப்தியாக அடுப்படிக்குத் திரும்பினாள்.